மீனுக்கு அம்மை

எனக்கு வாய் நீளம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவே வராது. வீட்டுக்காரர் ஆவடித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றதும், குவார்ட்டர்ஸைக் காலிசெய்து பருத்திப்பட்டில் வாடகைக்கு வந்தோம். அங்கேயும் நான்தான் எல்லாருக்கும் யோசனை சொல்லுகிறவள்.

பின்வீட்டுக்காரி அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். கொல்லையில் மூன்று சிமெண்டுத் தொட்டி கட்டி, தங்கமீன் வளர்த்துக் கடைகளுக்குக் கொடுப்பாள். அவள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது. ஒருநாள் காலை மதில்மேல் எட்டிப் பார்த்தாள்.

“யக்கா, மீனு மேலல்லாம் வெள்ளை வெள்ளையா கீதுக்கா. செவுத்துல போய் ஒரசிக்கினே கீது. இன்னா பண்றது?”

அது ஒட்டுண்ணி. உப்புத் தூவினாற்போல் பொட்டுப்பொட்டாக ஒட்டிக்கொண்டு மீனை அரிக்கும். என் கண்ணாடித் தொட்டி மீன்கள் நாலுக்கும் முன்பு அது வந்தது. வேப்பிலையை வேகவைத்து, ஆறியதும் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் தொட்டியில் விட்டேன், பிழைத்துக்கொண்டன. வேப்பிலையால்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாலு மீன் பிழைத்ததும் நான் பெரிய டாக்டர் ஆகிவிட்டேன், அவ்வளவுதான்.

“உன் மீனுக்கு அம்மை போட்டிருக்குடி! வேப்பிலைதான் மருந்து” என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் போன் செய்தாள். மரத்தில் இலையெல்லாம் உதிர்ந்துவிட்டதாம். “ஊட்ல வேப்பெண்ணெ கீது, ஊத்தலாமாக்கா?”

நான் அடுப்பில் வேலையாக இருந்தேன். “எல்லாம் வேம்புதானே, ஊத்து” என்றேன். எவ்வளவு என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மத்தியானம் அவள் அலறல் கேட்டு ஓடினேன். மூன்று தொட்டியிலும் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. தண்ணீர் முழுக்க எண்ணெய் ஏடு கட்டியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது எனக்கு. காற்றுப் புகாமல் மூச்சுமுட்டிச் செத்திருக்கின்றன. அடிப்பாவி, நான் சொல்லித்தானே ஊற்றினாள்!

சொல்லிவிடத்தான் நினைத்தேன். அதற்குள் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “என் தப்புதான்க்கா. அம்மை போட்ட ஊட்ல கவுச்சி ஆக்கலாமா? நேத்து கருவாடு வறுத்துட்டேன். ஆத்தா கோச்சிக்கினா.”

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

“இருக்கும்” என்றேன்.

எவ்வளவு கேவலமான ஆள் நான்! அந்த ஒற்றை வார்த்தையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. மறுபடி மீன்குஞ்சு வாங்கித் தொட்டியில் விட அவளுக்குப் பயம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கப் போகிறாள். கருவாட்டைத் தொடுவதே இல்லை.

ஆடியில், செய்த குற்றத்துக்கு என்று அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினாள். இன்றைக்காவது சொல்லிவிடுவது என்று போனேன். என்னைக் கண்டதும் வரிசையை நிறுத்திவிட்டுக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

“இந்த அக்கா நல்ல வழிதான் காட்டுச்சு. நான்தான் கெடுத்துக்கினேன்” என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லி, முதல் சொம்பை எனக்கு நீட்டினாள்.

வாங்கிக் குடித்தேன். “எப்படிக்கா கீது?” என்று கேட்டாள்.

நன்றாக இருக்கிறது என்றேன்.