சேற்று லாரியோடு திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை

சென்ற வாரம் ஒரு கல்லூரி மாணவி கும்மிடிப்பூண்டிக்கு எப்படிப் போவது என்று என்னிடம் கேட்டாள். தங்கள் பேட்டையில் அள்ளுகிற குப்பை கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க நண்பர்களோடு கிளம்புகிறாளாம். அவளுக்கு வழி எழுத உட்கார்ந்தேன். எழுபதுகளின் நடுவில், கிட்டத்தட்ட அதே காரணத்துக்காக நான் போன பயணம்தான் கைக்கு வந்தது. வழியும் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

அப்போது எங்கள் வீடு திருவள்ளூரில், ஒரு தோல் ஷாப்பின் பின்சுவரை ஒட்டிய தெருவில் இருந்தது. தோல் பதனிடும் இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மாட்டுத்தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, மயிரையும் சதையையும் சுரண்டி எடுத்து, அந்தச் சேற்றை எங்கள் தெருக்கோடியில் கொட்டுவார்கள். மழை வந்தால் அது கிணற்றில் இறங்கும். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைத் தொடாமல் எழுந்து போனது எங்கள் தெருவில் சாதாரணம். எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை என்பது வேறு விஷயம்.

தெருவில் இருந்த பையன்களும் பெண்களும் சேர்ந்து ஒரு மன்றம் வைத்திருந்தோம். என் அண்ணன் தயாளன் சைக்கிள் கடையில் வேலை செய்தான். அவன் சிநேகிதன் கமலநாதன் மெட்ராஸுக்குப் போய் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தான். நான் டைப்ரைட்டிங் பழகிக்கொண்டிருந்ததால் மனு அடிப்பது என் வேலை. இரண்டு வருஷம் மனு கொடுத்தோம், கேட்டின் முன்னால் உட்கார்ந்தோம். கடைசியில் முதலாளி இறங்கி வந்தார். சேற்றை இனிமேல் லாரியில் வெளியே அனுப்பிவிடுவதாக ஒப்புக்கொண்டார். அன்று தெரு முழுக்க சீரியல் பல்பு கட்டி, கேசரி கிளறி, எல்லோருக்கும் கொடுத்தோம். பக்கத்து வீட்டு அம்சா அக்கா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

மழைக்காலம் முடிகிற சமயம், லாரி டிரைவர் நாகப்பன் சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் டீ குடிக்க நின்றபோது அண்ணன் சும்மா கேட்டிருக்கிறான். "எங்கண்ணா கொட்றீங்க?"

"தோலுக்கு உப்பு ஏத்த ஆந்திரா பக்கம் போறேன்ல? போற வழில கும்மிடிப்பூண்டியாண்ட ஒரு பள்ளம் கீது. அதுல தள்ளிட்டுப் போவேன்."

"அங்க ஜனம் இல்லியா?"

"உன் ஊட்டாண்ட இல்லல்ல? அப்புறம் இன்னாத்துக்கு பேஜாரு?" என்று கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. காலிப் பள்ளமாகத்தான் இருக்கும் என்றான் கமலநாதன். போய்ப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்றேன் நான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கிளம்பினோம். அம்மாவிடம் பெரியபாளையம் கோயிலுக்கு என்று சொன்னோம். பாதிவழி வரைக்கும் அது உண்மை.

காலை ஆறு மணி பஸ். திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இறங்கி நாஷ்டா முடித்தோம். ஆளுக்கு நாலு இட்லி, கார சட்னி. அங்கிருந்து ஆரணி வழியாக இன்னொரு பஸ். இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்று நெல். கவரைப்பேட்டையில் பெருஞ்சாலை வந்ததும் காட்சி மாறியது. சாலையோரம் புதுக் கொட்டகைகள், இரும்புத் தகடு ஏற்றிய லாரிகள், சுவர் மட்டும் எழும்பி நிற்கிற கட்டடங்கள். கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது பத்து மணி இருக்கும்.

பள்ளத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ரயில் பாதையைத் தாண்டியதுமே எங்கள் தெரு நாற்றம் மூக்கில் ஏறியது. வேறு எந்த நாற்றத்தோடும் நாங்கள் அதைக் குழப்பிக்கொள்ள மாட்டோம். கமலநாதன் நின்றுவிட்டான்.

பாதையை ஒட்டி ஐம்பது அறுபது குடிசைகள். புதிய ஆலைகளில் கூலி வேலைக்கு வந்த ஜனம். சுற்றுப்புற கிராமத்துக்காரர்களும் இருந்தார்கள், ஆந்திரா பக்கத்திலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். குடிசைகளுக்குப் பின்னால் பள்ளம். மழைத் தண்ணீர் நிரம்பி, வெள்ளையாக நுரைத்து, பக்கத்திலிருந்த குட்டையோடு கலந்திருந்தது. அந்தக் குட்டையில்தான் துணி துவைப்பது, குளிப்பது எல்லாம். அங்கே ஓடிக்கொண்டிருந்த குழந்தைகளின் கால்களில் முழங்கால் வரை புண்.

பள்ளத்துக்குப் போகிற வண்டித்தடத்தில் குறுக்கே கயிறு கட்டி ஏழெட்டு இளவட்டங்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் வயதுப் பெண், கையில் இரும்புத்தூள் கறை. பெயர் சரோஜா, இரும்பு ஆலையில் கூலி வேலை என்று பிறகு தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் முன்னால் வந்தாள்.

"யாரு நீங்க? கம்பெனில அனுப்சாங்களா?"

"இல்லீங்க. திருவள்ளூர்லேர்ந்து வரோம்" என்றான் அண்ணன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மீதியையும் சொன்னான். "இது எங்க தெருவுல கெடந்த சேறு. நாங்கதான் சண்ட போட்டு வெளியேத்துனோம்."

சரோஜாவின் அப்பா, கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருந்தவர், மகளைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ கேட்டார். அவள் சொன்னாள். அவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"அப்போ உங்களுக்கு நல்லதாப் போச்சு" என்றாள் சரோஜா.

கமலநாதன் அவசரமாக, "நாங்க இன்னிக்கே மனு எழுதறோம். இங்க கொட்டக்கூடாதுன்னு எழுதி பொன்னேரி தாலுக்கா ஆபீஸ்ல குடுத்துர்றோம்" என்றான்.

"எழுதுனா? கவரப்பேட்டயாண்ட இன்னோரு பள்ளம் கீது. அங்க போவும். அங்கயும் என்னாட்டம் ஒருத்தி கயித்தப் புட்சிக்கினு நிப்பா. இங்க வாணாம்னு எழுதாத. எங்கயும் கொட்டக்கூடாதுன்னு எழுது. அவன் சேத்த அவனே வெச்சிக்கட்டும்."

எத்தனை மனு அடித்திருக்கிறேன். ஒன்றில்கூட அந்த வரி இல்லை. 'எங்கள் தெருவிலிருந்து அகற்ற வேண்டும்' என்றுதான் ஒவ்வொரு முறையும் அடித்தேன்.

மத்தியானம் லாரி வந்தது. கயிற்றைப் பார்த்து நாகப்பன் ஹாரன் அடித்தார். பிறகு கயிற்றுக்குப் பின்னால் அண்ணனைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

"டேய் தயாளா, நீ இன்னாடா இங்க?"

"திருப்பினு போங்கண்ணா."

"திருப்பினு போயி? மொதலாளி என்னிய வேலைலேர்ந்து தூக்கிருவாருடா. உனுக்கு இன்னா, மனு குடுப்ப, கேசரி துன்னுவ."

அவர் சொன்னதும் நியாயம்தான். அண்ணன் கயிற்றைத் தாண்டி அவர் பக்கத்தில் வந்தான். "நாங்களும் வண்டில வரோம். கேட்ல நாங்க பேசறோம். எங்க ஆளுங்கதான் மறிச்சாங்கன்னு சொல்லுங்க" என்றான்.

"நானும் வரேன்" என்றாள் சரோஜா. அவள் அப்பா தடுக்கவில்லை. "பத்ரமா போய்ட்டு வரேன் நைனா" என்று சொல்லிவிட்டு முன் சீட்டில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். ஆண்கள் இருவரும் பின்னால், சேற்றின் மேல் விரித்த தார்ப்பாயில்.

திரும்புகிற ஐம்பது கிலோமீட்டரும் நாகப்பன் பீடி மாற்றி பீடி பற்றவைத்துக்கொண்டு ஓட்டினார். சரோஜா ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். திருவள்ளூரை அதுவரை பார்த்ததில்லையாம். எனக்குப் பயம் முதலாளியைப் பற்றி அல்ல. தெருவைப் பற்றி.

பயந்தது போலவே ஆனது. பொழுது சாயும் நேரத்தில் லாரி எங்கள் தெரு முனையில் திரும்பியதும் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தது அம்சா அக்கா.

"இன்னாடி இது! போன சனியன வண்டி வெச்சி இட்டுனு வந்துக்கிறியே! உனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

தெரு கூடிவிட்டது. எங்கள் அம்மாவும் அதில் இருந்தாள். கமலநாதன் பேச ஆரம்பித்தான், யாரும் கேட்கவில்லை. சரோஜா லாரியிலிருந்து இறங்கி நேராக அம்சா அக்காவிடம் போனாள்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுக்கா. காலீலேர்ந்து குடிக்கல."

கேட்டால் இல்லையென்று சொல்ல வராது அம்சா அக்காவுக்கு. திட்டிக்கொண்டே சொம்பில் கொண்டுவந்தாள். சரோஜா முழுவதும் குடித்தாள். "உங்க கெணத்துத் தண்ணியா?" என்று கேட்டாள்.

"ஆமா. இப்பத்தான் ரெண்டு மாசமா குடிக்க முடீது."

"எங்குளுது ரெண்டு மாசமா முடீல."

அம்சா அக்கா காலிச் சொம்பை வாங்கிக்கொண்டு நின்றாள். சரோஜாவின் பாவாடை ஓரத்தில் காய்ந்திருந்த வெள்ளைச் சேற்றைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் விளக்கை ஏற்றி எடுத்துக்கொண்டு வந்து, தோல் ஷாப்பு கேட்டின் முன்னால் உட்கார்ந்தாள். பத்துப் பதினைந்து பேர் அவள் பின்னால் போனார்கள். எல்லோரும் போகவில்லை. எங்கள் அம்மா போகவில்லை.

லாரி சேற்றோடு கேட்டுக்கு உள்ளே போனது, அன்றிலிருந்து அந்த கேட்டைத் தாண்டிச் சேற்றோடு வெளியே வரவில்லை. நாகப்பனுக்கு வேலை போனது. அண்ணன் அலைந்து அவருக்கு வேறொரு லாரி பிடித்துக் கொடுக்க மாதங்கள் ஆயின. முதலாளி கடைசியில் தன் நிலத்துக்குள்ளேயே சிமென்ட் தொட்டிகள் கட்டினார். கிணறு தப்பியது, நாற்றம் பாதிதான் போனது. போகாத பாதிக்காகச் சில வீடுகள் எங்களோடு பேச்சை நிறுத்தின. கும்மிடிப்பூண்டிப் பள்ளத்தில் கிடந்ததை யாரும் அள்ளவில்லை. பிறகு அதன்மேல் மண் அடித்து ஒரு கொட்டகை எழுந்தது. ஜெயித்தோமா என்று கேட்டால் எனக்கு இன்னும் பதில் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் மன்றத்தில் எந்த மனுவை எழுதினாலும், இதை இங்கிருந்து எடுத்தால் எங்கே போகும் என்று ஒருவர் கேட்காமல் அது டைப் ஆனதில்லை.

சரி, வழி. இப்போது போகிறவர்கள் ரயிலில் போங்கள். திருவள்ளூர், திருநின்றவூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மின்சார ரயிலில் பேசின் பிரிட்ஜ் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி மாறலாம். காத்திருக்கிற நேரத்தோடு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் முடிகிற சமயத்தில் திரும்பினால் நிற்கத்தான் இடம் கிடைக்கும். தண்ணீரும் மூடிய செருப்பும் அவசியம். போனவுடன் கேமராவை எடுக்காதீர்கள். முதலில் யாரிடமாவது பேசுங்கள், எந்தத் தெருவிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள். நின்று கேட்டுக்கொள்ளுங்கள். ரயில் போனால் போகட்டும், அடுத்தது வரும்.