சிரிச்சா மூடிக்கிற கண்ணும் ஒரு கல்யாணத் தரகரும்

கல்யாணத் தரகு பண்றவனுக்குக் கடை வேணாம், போர்டு வேணாம், சிரிச்ச முகம் ஒண்ணு இருந்தா போதும். எனக்கு அதுதான் போச்சி. ஸ்ரீமுஷ்ணத்துல ஒரு வீட்டுக்குப் போயிட்டு, பஸ்ல ஜன்னல் ஓரமா உக்காந்து கடலூர் வந்து சேந்தேன். மறுநாள் காலையில வாய் கொப்புளிச்சா தண்ணி ஒரு பக்கமா ஒழுகுது. முகவாதம். ஜன்னல் காத்துன்னு தெருவே சொல்லிச்சி, நரம்புன்னு டாக்டர் சொன்னாரு. மாத்திரை சாப்பிட்டேன், தொங்குன வாய் மெல்ல மெல்ல ஏறிச்சி. அப்பாடா, தேறிட்டோம்னு நெனைச்ச நேரத்துலதான் அந்தப் பக்கத்துக் கன்னம் கஞ்சி போட்ட வேட்டியாட்டம் வெறைச்சிக்கிச்சி. அதோட புதுசா ஒரு கூத்து. நான் சிரிச்சா வலது கண்ணு தானா மூடிக்கும். இந்த அவஸ்தையில இருக்கிற மக்களே, உங்களுக்குத் தெரியாததா? வியாதிய விட அத விசாரிக்க வர்றவங்கதான் ஜாஸ்தி தொல்லை.

என் கையில இருந்த ஜாதகமெல்லாம் ஒவ்வொண்ணா ஞானவேல் கைக்குப் போயிடுச்சி. அவனும் தரகன்தான். பொய் பேசுன வாய், அதான் கோணிக்கிச்சின்னு டீக்கடையில உக்காந்து சொல்லிக்கிட்டு இருந்தான். அப்ப அவன் வாய் எப்படி நேரா இருக்குன்னு ஒருத்தரும் கேக்கல. மிச்சம் நின்னது குடிகாடுங்கிற ஊரு செந்தில் ஒருத்தன்தான். கெமிக்கல் எஸ்டேட்டுக்குப் பக்கத்து ஊருன்னாலே பொண்ணு குடுக்க யோசிப்பாங்க, அதனால வேற எந்தத் தரகனும் அந்த ஜாதகத்தைத் தொடல. செந்திலுக்கு ஒரு பொண்ணை முடிச்சாத்தான் நான் தரகன். முடிக்கலன்னா மூட்டையக் கட்டிட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான்.

புறா ரத்தம்

எங்க தெருவுல ஒருத்தர் இருக்காரு, ரிட்டயர்டு. நல்லா இருக்கியான்னு இத்தனை வருஷத்துல ஒரு நாளும் கேட்டதில்ல. முகம் கோணுனதும் தினமும் ஆஜர். பபிள்கம் மெல்லுன்னாரு, மென்னேன். பலூன் ஊதுன்னாரு, ஊதுனேன். பேரப்புள்ளைங்க பலூனெல்லாம் என் எச்சிதான். ஊத ஊத கன்னம் கல்லா ஆச்சே தவிர எளகல. அதை அவர்கிட்ட சொன்னேன். மனுசன் கொஞ்சமாச்சும் வெக்கப்படணுமே, படல. அடுத்த வைத்தியத்துக்குத் தாவிட்டாரு.

புறா ரத்தத்தைச் சூடு ஆறுறதுக்குள்ள தேய்க்கணுமாம். புறாவுக்கு எங்க போறதுன்னு கேட்டேன். எதிர்வீட்டு மாடியைக் காட்டுனாரு. அது அந்த வீட்டுக்காரர் ஆசையா வளக்குற புறா. அத அறுத்துட்டு நான் ஜெயிலுக்குப் போகவான்னு கேட்டதுக்குச் சொல்றாரு, "உனக்கு முகம் முக்கியமா, புறா முக்கியமா?"

மிஷின்

சிதம்பரத்துல ஒரு பிசியோதெரபி பொண்ணு இருக்கிறதா கேள்விப்பட்டுப் போனேன். போறப்பவே ஷாக் குடுக்கிற மிஷின் இருக்கான்னு கேட்டேன், எங்க தெருப் பெரியவர் சொல்லி அனுப்பியிருந்தாரு. அந்தப் பொண்ணு மிஷின் பக்கமே போகல. கண்ணாடிய முன்னால வச்சி, சிரிங்கன்னுச்சி. பழக்க தோஷத்துல முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிச்சேன். கண்ணு டப்புன்னு மூடிக்கிச்சி. நரம்பு திரும்ப வளர்றப்ப வழி மாறிப் போயிருக்குதாம். வாய்க்குப் போற சேதி கண்ணுக்கும் சேத்துப் போவுதாம்.

வெந்நீர்ல துணிய முக்கிப் பிழிஞ்சி கன்னத்துல வைக்கணும். கைய நல்லாக் கழுவிட்டு, கட்டை விரலை வாய்க்குள்ள விட்டு, இறுகுன எடத்தை மெதுவா இழுத்து எளக்கணும். அப்புறம் கண்ணாடி பாத்து, கண்ணு மூடாத அளவுக்கு ஒரு சின்னச் சிரிப்பு. இவ்ளோதான் வைத்தியம். இதுக்காம்மா கடலூர்லேர்ந்து பஸ் ஏறி வந்தேன்னு எனக்குக் கோவம். பலூன் ஊதுன கதையையும் சொன்னேன். அது தலையில அடிச்சிக்காத கொறையா சொல்லிச்சி, "ஐயா, நீங்க முக்கி முக்கி ஊத ஊத, தப்பாக் கத்துக்கிட்டத உங்க முகம் மனப்பாடம் பண்ணுது."

நல்ல தண்ணி

பொறுமை இருந்தா நான் ஏன் தரகனா இருக்கேன்? முகம் எளகட்டும்னு காத்திருக்காம, செந்தில் ஜாதகத்தோட திரும்ப ஸ்ரீமுஷ்ணத்துக்கே போனேன். பொண்ணோட தாய்மாமன் ஒருத்தர் கால் மேல கால் போட்டுக்கிட்டு விசாரிச்சாரு. பையன் குடிப்பானான்னாரு. அந்தப் பழக்கமே கிடையாதுன்னு சொல்லிச் சிரிச்சேன். கண்ணு மூடிச்சி. மாமியார் எப்படின்னாரு. தங்கம்னு சொல்லிச் சிரிச்சேன். மூடிச்சி. ஊர்ல தண்ணி எப்படின்னாரு. நல்ல தண்ணிங்கன்னேன். அதுக்கும் மூடிச்சி. அவரும் என்னைப் பாத்துத் தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு. ஆஹா, முடிஞ்சிதுடா கல்யாணம்னு எனக்கு ஒரே சந்தோசம்.

கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ராஜ உபசாரம். வாசல் வரைக்கும் வந்து என் கையப் புடிச்சிக்கிட்டாரு. சம்மதம் சொல்லப் போறாருன்னு நானும் இன்னொரு தடவை சிரிச்சேன். குரலத் தாழ்த்திச் சொன்னாரு, "வாயால சொல்ல முடியாதத கண்ணால காட்டிட்டீங்க தரகரே, எங்க பொண்ணக் காப்பாத்திட்டீங்க."

உம்முனு ஒரு தரகர்

சரி, சிரிச்சாத்தானே வம்பு, சிரிக்காமலே பேசுவோம்னு முடிவு பண்ணேன். சிதம்பரத்துல பாத்திரக்கடைக்காரர் ஒருத்தர் வீடு. முகத்தை அசைக்காம உக்காந்து, பையனுக்குப் பர்மனன்ட் வேலை, ஒரே புள்ளை, சொந்த வீடுன்னு நியூஸ் வாசிக்கிறவராட்டம் சொல்லி முடிச்சேன். கண்ணு மூடல. எனக்கே என்னை மெச்சிக்கணும்போல இருந்துச்சி.

கடைக்காரர் சம்சாரம் கதவோரம் நின்னு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. இவுங்க நாள் பூரா கடையில கஸ்டமரைப் பாத்து ஒரு தடவை சிரிச்சி நான் பாத்ததில்ல, ஆனா தரகன் மட்டும் சிரிக்கணும். புருஷன்காரரை உள்ள கூப்புட்டு, எனக்குக் கேக்குற மாதிரியே கேட்டாங்க, "இவரு கல்யாணம் பேச வந்தாரா, கருமாதி சொல்ல வந்தாரா?"

தொப்பி

அண்ணாமலை நகர் வீடுதான் கடைசி நம்பிக்கை. அதுவும் போனா ஞானவேல் காட்டுல மழை. பஸ்ஸை விட்டு எறங்குனப்ப குளிர் காத்துல கன்னம் இழுத்துப் புடிச்சிக்கிச்சி. டீக்கடையில வெந்நீர் வாங்கி, கர்சீப்பை முக்கி ஒத்தடம் குடுத்தேன். கையக் கழுவிட்டு, சுவத்துப் பக்கம் திரும்பி நின்னு வாய்க்குள்ள விரலை விட்டு எளக்குனேன். பக்கத்துல நின்ன ரெண்டு பேரு டீயைக் கீழ வச்சிட்டு வேடிக்கை பாத்தாங்க. பாக்கட்டும், டிக்கெட்டா போட்டிருக்கேன்?

பொண்ணு பேரு கவிதா, ஆஸ்பத்திரி லேப்ல டெக்னீஷியன். அவங்க அப்பாகிட்ட நான் பேசுனத கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டு இருந்துட்டு, என் எதிர்ல வந்து உக்காந்துச்சி. நல்லது சொன்னாலும் உங்க கண்ணு மூடுது, மழை வருமான்னு கேட்டாலும் மூடுது, அதனால உங்க கண்ணை நான் பாக்கல அங்கிள், மறைக்கிறத மட்டும் சொல்லுங்கன்னு கேட்டுச்சி. முகவாதம் வந்ததுலேர்ந்து என்கிட்ட ஒழுங்கா பேசுன மொத ஆளு. எல்லாத்தையும் கொட்டிட்டேன். பையனுக்குக் கம்பெனியில வாரம் விட்டு வாரம் நைட் ஷிப்ட், குடிக்கிற தண்ணி கேன்தான், சில நாளு காத்துல நெடி அடிக்கும், மாமியாருக்கு வாய் ஜாஸ்தி, பையனுக்கு முன்மண்டையில முடி கிடையாது, அதான் நான் காட்டுன போட்டோவுல தொப்பி. ஒவ்வொண்ணுக்கும் நான் அசடு வழியச் சிரிக்க, என் கண்ணு மூடி மூடித் தொறந்துச்சி. முடிஞ்சிது கதைன்னு எழுந்து செருப்பைத் தேடுனேன். கவிதா சொல்லிச்சி, "தொப்பி இல்லாம ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க அங்கிள்."

மேடை

கல்யாணம் கடலூர்ல, மஞ்சக்குப்பத்துல ஒரு மண்டபத்துல. நான் புது வேட்டியில போனேன். செந்தில் அம்மா பார்வதி என்னை ஓரமாத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. தப்பா நெனைச்சிக்கக் கூடாதாம். தாலி கட்டி முடியிற வரைக்கும் நான் பந்திப் பக்கமா இருக்கணுமாம். நல்ல காரியத்துல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்களாம். எந்தத் தரகனும் தொடாத ஜாதகத்தைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சவன் நான். இந்தம்மாவைத் தங்கம்னு ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் போய் வாய் கூசாம சொன்னதும் நான்தான். போயி, எலை போடுறவங்க பக்கத்துல உக்காந்தேன். அழுகை வந்துச்சி. அடக்கப் பாத்தா கன்னம் இன்னும் இறுகுது. ஒரு வெந்நீர்த் துணி கேக்கக் கூட மனசு வரல. கெட்டிமேளச் சத்தத்தை ரசம் வாசனையோட கேட்டேன்.

கொஞ்ச நேரத்துல கவிதாவோட அப்பா தேடிக்கிட்டு வந்து, பொண்ணு கூப்புடுதுன்னு என்னை மேடைக்கு இழுத்துக்கிட்டுப் போனாரு. செந்தில் "வாங்க மாமா"ன்னு எடம் விட்டான், தலையில தொப்பி இல்ல. கண்ணாடியில பழகுன சின்னச் சிரிப்பைத்தான் சிரிச்சேன். இருந்தாலும் சந்தோசம் சொன்னபடி கேக்குதா? கண்ணு மூடிக்கிச்சி. போட்டோக்காரர் கண்ணைத் தொறங்க பெரியவரே, தொறங்கன்னு கேமராவை எறக்கிட்டாரு. பார்வதியம்மா, அவர விட்டுட்டு எடுப்பான்னாங்க. நானும் எறங்கத் திரும்புனேன். கவிதா மாலையக் கூட அசைக்காம, சாதாரணமா சொல்லிச்சி, "அவர் கண்ணு அப்படித்தான், நீங்க எடுங்க. அத்தை, நீங்க கொஞ்சம் சிரிங்க."

ஆக, என் அவஸ்தையில பங்குக்கு இருக்கிற மக்களே, பார்வதியம்மா மூஞ்சி ரெண்டு பக்கமும் எளகல; நமக்காச்சும் ஒரு பக்கந்தான் இறுக்கம், அதுவும் வெந்நீர் ஒத்தடத்துக்கு எளகும்.