கோழை என்றவருக்கு என் பதில்

நான் மொரீஷியஸில் தமிழ் ஆசிரியை. தற்கொலையைத் தடுக்கவும், அப்படி உறவை இழந்தவர்களுக்குத் துணை நிற்கவும் நிதி திரட்ட, சேன் பியேரிலிருந்து சென்ட்ர் டி ஃப்ளாக் வரை சைக்கிள் பயணம் ஏற்பாடு செய்திருந்தார்கள். துணி ஆலையில் வேலை பார்க்கும் என் பக்கத்து வீட்டு லட்சுமியும் வந்தாள். அவள் கணவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை.

தொடங்கி வைக்க வந்த பிரமுகர், "குடும்பத்தை நினைக்காத கோழைகள்தான் இப்படிச் சாவார்கள்" என்றார். சிலர் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால் லட்சுமியைக் காணோம்.

பதறி ஓடினேன். கரும்புத் தோட்டத்து ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

"அவர் எங்களை நினைக்காத நாளே இல்ல டீச்சர். மனசு சரியில்லாம எவ்வளவு கஷ்டப்பட்டார்னு அந்த ஐயாவுக்கு என்ன தெரியும்?" என்று எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொல்லி அழுதாள்.

அவளைத் தேற்றி அழைத்துவந்து, அந்தப் பிரமுகரிடம் நேராகப் போனேன். "கணவரைப் பறிகொடுத்தவர்கள் இங்கே நிற்கிறார்கள். மன்னிப்புக் கேளுங்கள்."

"பொதுவாகத்தானே சொன்னேன்" என்று காரில் ஏறிப் போய்விட்டார்.

லட்சுமி ஃப்ளாக் வரை ஓட்டினாள். இப்போதெல்லாம் இப்படி இறந்தவரை யாராவது கோழை என்றால், மேடையானாலும் துக்க வீடானாலும், நான் எழுந்து அந்தப் பேச்சைத் தடுத்து நிறுத்திவிடுகிறேன்.