தோற்றுக் கொடுத்த ஆட்டம்

இந்த நாட்டில் கிழவிகள் காசு வைத்துச் சீட்டாடுகிறார்கள். நடுப்பகலில், சாப்பாட்டு அறையில், சுவரில் சிலுவை தொங்கும் இடத்தில். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் புதன்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு பிஸ்கட் டின்னைத் திறப்பார்கள். உள்ளே செப்பு நிறத்தில் ஒரு பென்னிக் காசுகள் கிடக்கும். ஆளுக்கு இருபது. வட இங்கிலாந்தின் இந்தச் சின்ன ஊருக்குக் கேர் விசாவில் வந்து மூன்று வருடம் ஆகிறது, இன்னும் எனக்கு அந்த டின் பழகவில்லை. போன மாதம் மார்கரெட் என்கிற பாட்டிக்கு எதிரே ஆட ஆள் இல்லை என்று என்னை உட்காரச் சொன்னார்கள். தொண்ணூறு வயது, கை நடுக்கம். அன்று காலையில்தான் அவரைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிட்டிருந்தேன். பாவமாக இருந்தது. நல்ல சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே கவிழ்த்துப் போட்டேன். மூன்றாவது முறை அவர் எட்டி என் சீட்டைப் புரட்டிப் பார்த்தார். இரண்டு ராணி. வேண்டுமென்றே தோற்றாயா என்று கேட்டார். ஆமாம், உங்களுக்காக என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். முன்னால் இருந்த காசை எல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டு, தன் சக்கர நாற்காலியைத் திருப்பச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். "நீங்கள் ஏமாற்றினீர்கள் என்று மார்கரெட் சொல்கிறார்."

"நான் தோற்றேன்."

"அதைத்தான் சொல்கிறார்."

எனக்கு இது புதிதல்ல. இதே குற்றத்தை ஒரு போக்கர் கம்பெனி ஏற்கெனவே என்மேல் சாட்டியிருக்கிறது. அதில் போனது என் கடை அல்ல. பூந்தமல்லியில் என் நண்பன் ரஃபி நடத்திக்கொண்டிருந்த கடை. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களும், என்னைப் போல இங்கே வந்து ஒற்றை அறையில் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது.

ஆவடி பக்கம் கோவில்பதாகை என் ஊர். அம்பத்தூரில் ஐ.டி.ஐ. படிக்கும்போது ரஃபி பழக்கம். படிப்பு முடிந்து நான் அங்கேயே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குப் போனேன். அவன் மெஷின் சத்தம் வேண்டாம் என்று பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் சீட் கடை போட்டான். பைக், ஆட்டோ, கார் எதுவானாலும் பழைய உறையைக் கிழித்து, ஸ்பாஞ்ச் மாற்றி, புதிதாகத் தைத்துக் கொடுப்பான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை. ஒரு தையல் மெஷின். பலகையில் அவன் பெயர். முப்பது வயதுக்குள் தன் பெயரில் பலகை மாட்டியவன் எங்கள் ஐ.டி.ஐ. கூட்டாளிகள் நான்கு பேரில் அவன் ஒருவன்தான்.

நான்கு பேரும் போனில் போக்கர் ஆடினோம். கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, சுற்றுக்குச் சுற்று பந்தயம். தைரியம் இருந்தால் ஏற்றலாம், இல்லாவிட்டால் வைத்ததை விட்டுவிட்டுச் சீட்டைக் கவிழ்த்துவிடலாம். எல்லாம் பொய்க் காசு. தினமும் அந்த ஆப் சில்லு என்று சும்மா கொடுக்கும். ரஃபி தன் பெயரில் ஒரு கிளப் தொடங்கி எங்களை அதில் சேர்த்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை கடையை மூடியதும் அங்கேயே ஸ்பாஞ்ச் குவியலின் மேல் சாய்ந்துகொண்டு ஆடுவோம். எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு நுழைந்தால் சாத்தான் கூடவே நுழைவான் என்பார் அம்மா. ரஃபி வீட்டில் அவன் அத்தா அதைவிடக் கண்டிப்பு. ஆனால் அவன் தன் மனசாட்சிக்கு ஒரு கோடு போட்டு வைத்திருந்தான். "காசு வச்சாதான் ஹராமு. இதுல இன்னா கீது? வெறும் நம்பரு" என்பான். அந்தக் கோட்டை அவன் ஒருநாளும் தாண்டியதில்லை. ரம்மியில் பத்து ரூபாய்கூட வைத்து ஆட மாட்டான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது சில்லு தீர்ந்துபோகிற மாதிரி இருந்தால் அவன் "ஊட்டி வுடு மச்சான், பசிக்குது" என்பான். உடனே யாராவது ஒருவன் பெரிதாக ஏற்றிவிட்டு, அடுத்த சுற்றில் சீட்டைக் கவிழ்த்துவிடுவான். குவிந்த சில்லு பசித்தவனுக்குப் போய்விடும். ஊட்டுவது என்று அதற்குப் பெயர். ஊட்டாதவனைக் கஞ்சன் என்று ஒரு வாரம் ஓட்டுவோம். யாரும் மேசையைவிட்டு எழுந்து போகக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். இதைத்தான் நாங்கள் போக்கர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இங்கே வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் அறையில் இருந்தபடி அந்த ஆட்டத்தில் சேர்ந்துகொள்வேன். அவர்களுக்கு அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். இங்கே தெருவில் சூதாட்டக் கடை ரொட்டிக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ரொட்டி வாங்கிய பையோடு உள்ளே போகிறார்கள். சட்டப்படி எல்லாம் சரி. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கூச்சம் விட்டுப்போனது. வேறொரு போக்கர் தளத்தில் கணக்குத் தொடங்கினேன். அங்கே பொய்க் காசு மேசையும் உண்டு, மூலையில் ஒரு பொத்தானை அழுத்தினால் நிஜக் காசு மேசையும் உண்டு. அதே பச்சை விரிப்பு, சீட்டு விழும் அதே சத்தம். எண்ணுக்கு முன்னால் பவுண்டு குறி வரும், அது ஒன்றுதான் வித்தியாசம். முதல் நாள் ஐந்து பென்னி வைப்பதற்குள் மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொய்க் காசில் எதை வைத்துக்கொண்டும் எல்லோரும் மொத்தமாக உள்ளே தள்ளுவார்கள். நிஜக் காசு மேசையில் யாரும் பேசுவதில்லை. கவிழ்த்துக்கொண்டே இருக்கிறார்கள், திடீரென்று ஒருவன் உன் ஒரு வாரக் கூலியை வாரிக்கொண்டு போகிறான். பயந்து பயந்து ஆடியதால் எனக்கு இரண்டு மாதம் கொஞ்சம் லாபம் வந்தது. அந்தத் திமிரில் ரஃபிக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். நான்தான் அனுப்பினேன். அவன் கேட்கவில்லை.

அந்த நேரம் மெட்ரோ வேலைக்காக ரோட்டில் தடுப்பு வைத்து அவன் கடை முன்னால் வண்டி நிறுத்த முடியாமல் போயிருந்தது. வியாபாரம் பாதியாகிவிட்டது. ஐயப்பன்தாங்கலில் பஸ் டிப்போ பக்கம் ஒரு கடை பார்த்து வைத்திருந்தான். அந்த ஓனர் இரண்டு லட்சம் அட்வான்ஸ் கேட்டார். பழைய கடையைக் காலி செய்வதாகச் சொல்லித் திரும்பி வாங்கிய அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். ஐம்பதாயிரம் குறைந்தது, பதினைந்து நாள் தவணை இருந்தது. இதைச் சொல்லிப் புலம்பத்தான் போன் பண்ணினான்.

"பொய்க் காசுல கோடீஸ்வரனா கீறோம் மாமே. இன்னா பிரயோஜனம்? நெசக் காசு வச்சு ஆடிப் பாரு" என்றேன்.

"வேணா மச்சான். அத்தாக்குத் தெரிஞ்சா செருப்பாலயே அடிப்பாரு."

"இது சூது இல்லடா. மூளை வேலை. கணக்கு."

"சூதாடறவன் எல்லாம் அதான் சொல்றான். உனுக்கு வெள்ளக்காரன் ஊரு, எல்லாம் ஓகே. நா இங்கல்ல கீறேன்."

மூன்று நாள் கழித்து அவனே கூப்பிட்டான். எப்படிச் சேர்வது என்று கேட்டான். அந்தத் தளம் இந்தியாவிலிருந்து ஆட விடாது. நான் என் முகவரியைப் போடச் சொன்னேன். நம்மூரில் கேஸ் இணைப்புக்கும் சிம் கார்டுக்கும் அடுத்த வீட்டு முகவரி கொடுத்து வாழ்ந்தவர்கள் நாம். அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. ஆவடியில் ஒரு ஆள் மூலம் பணம் போட வழி இருந்தது. போனை ஏமாற்றி இடத்தை மாற்றிக் காட்ட ஒரு ஆப்பும் இருந்தது. ரஃபி இங்கிலாந்துக்காரன் ஆனான். கம்பெனி காசை வாங்கும்போது எதையும் கேட்கவில்லை. முதலில் கொஞ்சம் போட்டான், ஜெயித்தான். பெரிய மேசையில் உட்காரப் பெரிய பணம் வேண்டும் என்று அட்வான்ஸ் முழுவதையும் போட்டான். பொய்க் காசில் ஆடிய கை அது, கவிழ்க்கத் தெரியாது. ஒரு வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். என் மேசைக்கு வா, என் லாபத்தை உனக்கு ஊட்டிவிடுகிறேன், இழந்ததை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடு என்றேன். வங்கி வழியாக அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கடனாகக் கொடுத்தால் அவன் வாங்க மாட்டான். மேசையில் ஊட்டினால் வாங்கிக்கொள்வான். அது எங்கள் வழக்கம். நான் ஏற்றினேன், கவிழ்த்தேன். மறுபடி ஏற்றினேன், கவிழ்த்தேன். அரட்டைப் பெட்டியில் அவன் வழக்கம் போல இங்கிலீஷ் எழுத்தில் "oottu machan" என்று எழுதினான். ஆறு தடவை ஊட்டினேன். ஏழாவது சுற்றில் திரை நின்றுவிட்டது.

இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து ஆடியது மோசடி என்று மின்னஞ்சல் வந்தது. எங்கள் அரட்டையை யாரோ மொழிபெயர்த்து இணைத்திருந்தார்கள். இவர் உங்கள் மைத்துனரா, ஒரே வீட்டில் வசிக்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். நான் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினேன். நாங்கள் யாரையும் ஏமாற்றவில்லை, ஜெயிக்க வேண்டிய நான்தான் தோற்றேன், நண்பனுக்காகத் தோற்றால் அது எப்படித் திருட்டாகும் என்று கேட்டேன். அந்த மேசையில் இன்னும் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்குத் தெரியாமல் நாங்கள் இரண்டு கையை ஒரு கையாக ஆடினோம் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. இப்போது ஏறுகிறது.

பிறகு நடந்ததுதான் என்னால் செரிக்க முடியாதது. நான் இங்கே வசிப்பவன். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எல்லாம் கொடுத்தேன். ஆறு வாரத்தில் கணக்கை மூடி, நான் போட்ட பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். மரியாதையான கடிதம் வேறு. ரஃபியிடம் அதே காகிதங்களைக் கேட்டார்கள். அவனிடம் பூந்தமல்லி ரேஷன் கார்டு இருந்தது. மிச்சமிருந்த ஒரு லட்சம் அங்கேயே நின்றுவிட்டது. நம்மூரில் போலீசில் சொன்னால் இவன்தான் முதலில் உள்ளே போவான். ஒரே மேசை, ஒரே தப்பு. அதில் தொடங்கி வைத்தவன் நான், எனக்குப் பணம் திரும்ப வந்தது. ஐயப்பன்தாங்கல் கடை வேறு யாருக்கோ போனது. டிரங்க் ரோட்டில் பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

இந்த வருடம் லீவில் ஊருக்குப் போனேன். அப்பாவின் ஸ்கூட்டர் சீட் கிழிந்திருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு ரஃபியைத் தேடிப் போனேன். டிப்போவுக்கு இரண்டு தெரு தள்ளி வேறொருவர் கடையில் நாள் கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தான்.

"வா மச்சான். ஊதிட்ட. அங்க நல்லா போடறாங்க போலக்கீது."

"எப்டிடா கீற?"

"இன்னா கொற? வேல அதே வேலதான். வாடக கட்ற தலவலி இல்ல."

உள்ளேயிருந்து ஓனர், "ரஃபி, அந்த ஆட்டோ சீட்டு இன்னும் ஆவலியா?" என்று கத்தினார். "ஆவுது அண்ணாத்தே" என்று இவன் தலை நிமிராமல் சொன்னான். எனக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. ஸ்கூட்டர் சீட்டை அவன் தைத்து முடிக்கும்வரை ஓரமாக நின்றேன். முடித்ததும் சட்டைக்குள் இருந்து கவரை எடுத்து நீட்டினேன்.

"இன்னா இது?"

"உன் அட்வான்சு. முழுசா இல்ல, பாதி. மீதி அடுத்த வருசம்."

கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு கவரைப் பிரித்தான். இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்துக்கொண்டு, மேசை டிராயரிலிருந்து இருநூறைக் கவருக்குள் போட்டு என் கையில் வைத்தான். "சீட்டுக்கு எட்நூறு. மீதிய எத்துனு போ."

"நாந்தான உன்ன இழுத்தேன்?"

"நீ இழுத்த. வந்தது நானு. இத வாங்கினா நா அதுல ஜெயிச்ச மாதிரி ஆயிடும். அந்த ஆட்டத்துலர்ந்து எனுக்கு ஒத்த பைசா வாணாம்."

"அது இல்லடா இது. என் சம்பளம். கெழவிங்களக் கழுவி சம்பாரிச்சது."

"அப்ப உங்கம்மாகிட்ட குடு. எனுக்கு ஏன் ஊட்ற?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ரொம்ப யோக்கியன் மாதிரி பேசாதே என்று திட்டினேன். அவன் சிரித்தான். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பத்து வருடத்தில் அவன் என்னிடம் சீட்டுக்குக் காசு வாங்கியது அதுதான் முதல் தடவை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆவடி வரும்வரை வழியில் வந்தவர்களையெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு வந்தேன்.

இங்கே திரும்பி வந்து நான்கு மாதம் ஆகிறது. நிஜக் காசு மேசைப் பக்கம் நான் போவதில்லை. ரஃபியின் பொய்க் காசு கிளப் மட்டும் இன்னும் நடக்கிறது. அதில் யாரையும் சேர்க்கவும் நீக்கவும் அவன் ஒருவனால்தான் முடியும். என்னை அவன் நீக்கவில்லை. வரச் சொல்லி ஒரு வார்த்தை அனுப்பவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் ஆட்டத்துக்குப் பெயர் கொடுப்பேன், ஆனால் உள்ளே போய் உட்கார மாட்டேன். பெயர் கொடுத்தவன் வராவிட்டாலும் அந்த ஆப் அவனுக்கு ஒரு நாற்காலி போட்டுவிடும். படுக்கையில் படுத்துக்கொண்டு வெளியிலிருந்து பார்ப்பேன். மற்ற மூன்று பேருக்கும் நடுவில் என் பெயர் சாம்பல் நிறத்தில் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் எனக்கும் இரண்டு சீட்டு விழும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெஷினே அவற்றைக் கவிழ்த்துவிடும். கட்டாயப் பந்தயம் என் பக்கம் வரும்போதெல்லாம் என் சில்லில் கொஞ்சம் தானாகவே நடுவுக்குப் போகும், அவர்களில் யாராவது அதை எடுத்துக்கொள்வார்கள். திரையின் அடியில் "வந்துவிட்டேன்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் ஆட்டத்தில் சேர்ந்துவிடலாம். போன வாரம் ரஃபி எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தான். அவன் பெரிதாக ஏற்றினான். அடுத்தது என் முறை. முப்பது வினாடிக் கடிகாரம் என் பெயரைச் சுற்றி ஓடத் தொடங்கியது, அவர்கள் மூன்று பேரும் அது முடியட்டும் என்று காத்திருந்தார்கள்.