நட்சத்திரக்காரியும் நட்சத்திரமும்

எங்கள் கோளரங்கத்தில் நட்சத்திரக்காரி என்றால் ஒருத்திதான். அது நாங்கள் வைத்த பட்டப்பெயர். நான் வாசலில் டிக்கெட் கொடுப்பவள். காட்சி முடிந்து வெளியே வருகிறவர்கள் வானத்தைப் பற்றிப் பேசியதைவிட அவள் பேச்சைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

விளக்கை அணைத்ததும் அவள் மைக்கைப் பிடிப்பாள். எழுதி வைத்துப் படிக்கிற ஜாதி இல்லை. வந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவாள். பள்ளிப் பிள்ளைகள் வந்தால், "டீச்சர் நோட்டுல போடுற ஸ்டாருக்கு அஞ்சு முனை. நிஜத்துல ஒரு முனையும் கிடையாது, உருண்டை. முனையெல்லாம் நம்ம கண்ணு பண்ற வேலை" என்பாள். ஒருமுறை ஒருவர் எழுந்து தன் ஜாதக நட்சத்திரம் எங்கே என்று கேட்டார். டார்ச் அடித்துக் காட்டிவிட்டு, "அது எவ்வளவு தூரத்துல இருக்கு பாருங்க சார். உங்களை ஆட்டிப்படைக்கிறது அது இல்ல, பக்கத்துல விசாரிங்க" என்றாள். பக்கத்தில் அவர் மனைவி. அந்த அம்மாதான் முதலில் சிரித்தார்.

கூரையில் வானத்தைக் காட்டுகிற மெஷினை ஓட்டுவது அவள் தம்பி. வேலைவெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை மேலாளரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவள்தான் உள்ளே சேர்த்தாள். அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்ததும் அவளே. இரண்டு பேரும் ஒரே வாடகை வீட்டில் இருந்தார்கள்.

மெஷின் அரதப் பழசு. தெற்கு வானத்துக்குத் திரும்பும்போது அதன் பல்சக்கரம் பெரிதாக முனகும். அது ஆரம்பித்ததும் இவள், "யாருங்க அது, இவ்வளவு சத்தமா கொட்டாவி விடுறது? இன்னும் பாதி வானம் பாக்கி இருக்கு!" என்பாள். ஜனங்கள் சிரித்து முடிப்பதற்குள் மெஷின் திரும்பியிருக்கும். சத்தம் வரப்போகிறது என்று தம்பி ஒரு சின்ன விளக்கை மினுக்கிக் காட்டுவான். பேச்சும் வானமும் அவ்வளவு ஒத்துப்போகும். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு, எனக்கு வாய்த்த தம்பி அப்படி.

ஒரு நாள் மேலாளர் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்து போனவர்கள் இணையத்தில் எங்களுக்கு மூன்று நட்சத்திரம்தான் கொடுத்திருக்கிறார்களாம். கழிப்பறை நாறுகிறது, நாற்காலி உடைந்திருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கழிப்பறையைக் கழுவலாம், நாற்காலியை மாற்றலாம். இவர்கள் மெஷினை மாற்றினார்கள்.

புது மெஷின் என்றதும் நட்சத்திரக்காரிக்குக் கலக்கம். "என் பேச்சை நிறுத்திடுவாங்களோடி? அந்த இருட்டுல பேசுறதைத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்?" என்று என்னிடம் புலம்பினாள். தம்பிதான் தைரியம் சொன்னான். "புது மெஷினுக்கும் நீதான்க்கா. நான் பேசிட்டேன்" என்றான். நானும் அந்தப் படுபாவியை நம்பினேன்.

திறப்பு விழா அன்று வாசலில் ஒரு சினிமா நட்சத்திரத்தின் படம் ஆளுயரத்துக்கு நின்றது. ரிப்பன் வெட்ட வருகிறார் என்றார்கள். உள்ளே மைக் இல்லை. "இன்னைக்கு நீ விருந்தாளி மாதிரி முன்னாடி உட்காருக்கா" என்றான் தம்பி. முகம் வாடினாலும் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இருட்டில், பதிவு செய்து வைத்திருந்த அந்த நடிகையின் குரல் வந்தது. அஞ்சு முனை வந்தது, ஜாதகம் வந்தது, எல்லாம் இவள் பேச்சு. இவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூட்டத்துல எவனோ போன்ல எடுத்திருக்கான்டி" என்றாள்.

வானம் தெற்கே திரும்பியது. புது மெஷின், மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்த அமைதியில் நடிகை கேட்டார்: "யாருங்க அது, இவ்வளவு சத்தமா கொட்டாவி விடுறது?"

ஒருவரும் கொட்டாவி விடவில்லை. ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வரிக்கு ஒரு நொடி முன்னால், தம்பியின் கை பழக்கத்தில் அந்தச் சின்ன விளக்கை மினுக்கியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். அந்த வரி எதற்கென்று தெரிந்தவன் அவன். பேச்சை எழுதிக் கொடுக்கிற அவசரத்தில் அதை வெட்ட மறந்திருக்கிறான், கை மட்டும் மறக்கவில்லை. என் கையை இவள் விட்டுவிட்டாள்.

காட்சி முடிந்ததும் நேராக மெஷின் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"நீயாடா கொடுத்தே?"

"அக்கா, அது வந்து..."

"மழுப்பாம சொல்லு."

"புது மெஷினுக்கு என்னையும் வேண்டாம்னாங்கக்கா. உன் பேச்சை எழுதிக் கொடுத்தா வச்சுக்கிறோம்னாங்க. சொன்னா நீ ஒத்துக்கமாட்டேன்னு..."

"கேட்டியா? ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டியாடா? உன் பொழப்பு போகுதுன்னா நானே அந்தப் பொண்ணு பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருப்பேனே!"

அதற்கு அவன் சமாதானம் செய்கிறானாம்: "உனக்கும் வழி பண்ணிட்டேன்க்கா. டிக்கெட் ஜன்னல்ல உன்னைப் போடச் சொல்லி வாங்கிட்டேன்."

டிக்கெட் ஜன்னல் என்றால் என் ஜன்னல். என்னை எங்கே போடுவதாக உத்தேசம் என்று கேட்க வாயெடுத்தேன். அந்தத் துரைக்கு நான் அங்கே நிற்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நட்சத்திரக்காரி என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "இன்னொருத்தி நாற்காலியில போய் உட்கார நான் என்ன நீயா?" என்றாள். அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கினாள். அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

அந்த வாரமே தனி வீடு பார்த்தாள். சாமான் ஏற்ற நானும் போயிருந்தேன். வீட்டுக்காரம்மா சாவியைக் கொடுத்துக்கொண்டே, "கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றாள்.