ராசி நாற்காலியும் ஈரத் தரையும்

நூலக வேலையில் புத்தகத்தைத் தேடி எடுப்பது சுலபம், உட்கார வந்தவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கும் என் இனமே, இதைப் படித்தாவது ஆறுதல் அடையுங்கள்.

இரவல்

ஜார்ஜ் டவுனில் நான் வேலை பார்க்கும் பொது நூலகத்தில் ஜன்னலோரம் ஒரு பழைய மர நாற்காலி உண்டு. போன வருஷம் அதில் உட்கார்ந்து படித்த பெண் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கிவிட்டாள். பாவம், அவள் விழுந்து விழுந்து படித்தது யார் கண்ணிலும் படவில்லை, நாற்காலிதான் பட்டது. செய்தி லிட்டில் இந்தியா முழுக்கப் பரவிவிட்டது.

முதலில் வந்தவர் புடவைக்கடை சரோஜா அக்கா. இந்த வருஷம் அதே தேர்வை எழுதவேண்டிய, ஐந்தாம் படிவத்தில் படிக்கும் மகன் தினேஷ் பின்னால் நின்று கொட்டாவி விட்டான். பழைய கேள்வித்தாள் இருக்கிறது, வரலாற்றுப் புத்தகம் இருக்கிறது, எல்லாம் இலவசம் என்று தொண்டை வற்றச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்:

"புத்தகமெல்லாம் வேணாம் தங்கச்சி. அந்த நாற்காலிய மட்டும் ரெண்டு வாரத்துக்கு இரவல் குடுங்கலா."

எலுமிச்சம்பழம்

இரவல் கிடையாது என்றதும் பூஜை எங்கள் இடத்துக்கே வந்துவிட்டது. நாற்காலியின் முதுகில் திருநீற்றுப் பட்டை. சாய்ந்தவன் சட்டையிலும் பட்டை. அடுத்த சனிக்கிழமை பொளக், பொளக் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், சரோஜா அக்காவின் கணவர் நான்கு கால்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மேலே மகனை உட்காரவைத்து நசுக்கிக்கொண்டிருக்கிறார்! "அண்ணே, இது நூலகம்!" என்று கத்தினேன். சத்தம் போடக்கூடாது என்ற பலகைக்கு நேர் கீழே நின்றுதான் கத்தினேன். அவர் அசரவே இல்லை, வாசலில் நின்ற தன் காரைக் காட்டினார்.

"புது கெரெத்தாவுக்குச் செய்யறதுதானே தங்கச்சி. இதுக்கும் நாலு கால் இருக்குல்ல?"

பக்கத்து இடம்

இந்தக் கூத்தில் மாட்டிக்கொண்டவள் யாழினி. ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ் பிடித்து வருவாள். வீட்டுக்குக் கீழே கோப்பிக்கடையில் கரோக்கே, வீட்டுக்குள்ளே இரண்டு தம்பிகள், அது தனிக் கரோக்கே. பள்ளியில் நடந்த முன்னோட்டத் தேர்வில் வரலாறு போய்விட்டது. எஸ்.பி.எம்.மிலும் வரலாறு போனால் சான்றிதழே கிடையாது, மற்றதில் எத்தனை ஏ வாங்கினாலும் சரி. அவள் கேட்டது அமைதியாக ஒரு இடம், அவ்வளவுதான்.

ராசி நாற்காலியைச் சுற்றியிருந்த எல்லா நாற்காலியிலும் குடையும் டிஸ்யூ பாக்கெட்டும் இடம் பிடித்துச் சொகுசாக உட்கார்ந்திருந்தன. ஆளைக் காணோம்! வந்த எரிச்சலில் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டேன். ஒரு அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்காதீங்க தங்கச்சி. பக்கத்துல இருந்தா கொஞ்சமாச்சும் ஒட்டும்லா!"

மஞ்சள் பலகை

யாழினி அழவில்லை, எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் நேராகப் போய் வரலாற்று அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தரையில் உட்காரக்கூடாது என்பது விதி. அதை எழுதிச் சுவரில் ஒட்டியவளே நான்தான்! என்ன செய்ய? துப்புரவுக்காரர்கள் வைக்கும் 'தரை ஈரம்' மஞ்சள் பலகையைத் தூக்கி வந்து அந்த வழியை மறித்து வைத்தேன். ஒரு ஈ காக்கா உள்ளே போகவில்லை. கேள்வித்தாள்களும் புத்தகமுமாக அவள் பாட்டுக்குப் படித்தாள். தேர்வு முடிந்துதான் பலகையை எடுத்தேன். வாசல் காவலர் முனியாண்டி அண்ணன் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"மழையும் இல்ல, குழாயும் இல்ல. அந்த எடம் மட்டும் எப்படிமா இத்தன நாளாக் காயாம இருந்துச்சு?"

தேர்வு முடிவு

தினேஷ் ராசி நாற்காலியில், ஏர்கோன் குளிர்காற்றில், வாயைப் பிளந்து தூங்கினானே, அதற்குத் தகுந்த முடிவு வந்தது. சரோஜா அக்கா அதை என்னிடம் முறையிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் யாழினி பள்ளியிலிருந்து நேராக ஓடி வந்தாள். வரலாற்றில் ஏ! கவுண்டரைச் சுற்றிப் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். "உனக்கு ஒரு நாற்காலிகூடக் குடுக்க முடியலையேடி!" என்றேன்.

"குடுத்திருந்தா நானும் தூங்கியிருப்பேன்கா" என்றாள். தரையில் உட்கார்ந்து படித்த கதையையும் உளறிவிட்டாள். சரோஜா அக்காவின் கண் மெல்ல மூலையில் இருந்த மஞ்சள் பலகைக்குப் போனது. என்னைத் தனியே இழுத்துக் காதோடு கேட்டார்:

"உண்மையச் சொல்லுங்க தங்கச்சி, அந்தப் பலகைய எந்தக் கோயில்ல வச்சு எடுத்தீங்க?"

இப்போது எங்கள் நூலகத்தில் நாற்காலிகளெல்லாம் காலி, தரையில்தான் உட்கார இடமில்லை.