சல்லிக்குப் போன பீச் பழங்கள்

பழக்கடையின் குளிரறையைப் பார்த்துக்கொள்வது நோகாத வேலை என்று நினைப்பவர்கள், நிலாவெளி ஹோட்டல்காரருக்கு ஒரு பெட்டி பீச் பழத்தைப் பழுதாகாமல் கொடுத்துப் பார்க்கட்டும். திருகோணமலை வெயிலில் பழக்கடையில் நிற்கும் சக பாவிகளே, உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

செவுள் இல்லாத சாமான்

பீச் பழத்துக்குப் பெரிய எதிரி வெயில் அல்ல, வாடிக்கையாளரின் பெருவிரல்தான். நசித்த இடம் அப்போது தெரியாது. மறுநாள் கறுத்து நிற்கும். ஒருநாள் சல்லிக் கிராமத்திலிருந்து தவராசா அண்ணை வந்தார், கடல்தொழில் செய்பவர். மனைவி புவனாவுக்கு வயிற்றில் ஒப்பரேசன் முடிந்து, வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்கவில்லையாம், கஞ்சியைக்கூடத் தள்ளிவிடுகிறாராம். முன்பு லெபனானில் வேலை செய்தபோது விரும்பிச் சாப்பிட்ட பீச் பழத்தை மட்டும் கேட்டிருக்கிறார். சொல்லிக்கொண்டே அண்ணை பழங்களை ஒவ்வொன்றாக நசிக்கத் தொடங்கினார். "அண்ணை, நசிக்காதேங்கோ!" என்று கத்திவிட்டேன். அவர் கையை எடுத்துவிட்டுப் பாவமாகப் பார்த்தார்.

"மீனைப்போல செவுளும் இல்லை, கண்ணும் இல்லை. பிறகு என்னத்தைப் பார்த்துத் தங்கச்சி வாங்கிறது?"

ஐஸ் பெட்டி

கொடுத்தது காய்ப்பதமான பழங்கள். "வெளியில வையுங்கோ, வாசம் வந்த பிறகு குடுங்கோ" என்று சொல்லித்தான் அனுப்பினேன். சில நாள் கழித்து அண்ணை முகம் தொங்கிப்போய்த் திரும்பி வந்தார். புவனா அக்கா ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிட்டாராம். பஞ்சைச் சப்புவதுபோல் இருந்ததாம். தோண்டிக் கேட்டால், பழுதாகிவிடும் என்ற பயத்தில் பழங்களை மீன் வைக்கும் ஐஸ் பெட்டிக்குள் வைத்திருக்கிறார், அதுவும் ஐஸ் பாதி கரைந்த பெட்டி! அரைகுறைக் குளிரில் கிடந்தால் பீச் பழுக்காது, சாறில்லாமல் சக்கையாகிவிடும். "மீன் செத்த சாமான் அண்ணை. இது இன்னும் மூச்சு விடுது" என்றேன். திட்டத்தான் வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்தபின் வரவில்லை.

"நல்ல சாமானெண்டால் நாங்கள் ஐஸிலதான் தங்கச்சி வைக்கிறது. எங்களுக்கு வேற என்ன தெரியும்?"

வாசம்

இந்த முறை நானே நல்ல பழங்களாகப் பொறுக்கினேன். கடதாசி விரித்த தட்டில், ஒன்றோடொன்று முட்டாமல், அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். பிரிஜும் கூடாது, ஐஸும் கூடாது, விரலும் கூடாது. பிறகு ஆளைக் காணவில்லை. எனக்கென்ன என்று இருக்க முடியவில்லை; சல்லிப் பக்கம் போகும் பஸ்ஸைக் கண்டாலே, அக்கா சாப்பிட்டாரோ என்று மனம் அடித்துக்கொண்டது.

ஒரு காலை கடை வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அண்ணைக்குப் பின்னாலிருந்து மெலிந்த ஒரு பெண் மெதுவாக இறங்கினார். யாரென்று கேட்காமலே தெரிந்தது. "பழம் எப்பிடி அக்கா?" என்றேன். அண்ணை வேறெங்கோ பார்த்தார்.

"வாசம் வரட்டும் எண்டு, மனுசன் தொழிலுக்கும் போகாமல் தட்டுக்குப் பக்கத்திலயே குந்திக்கொண்டிருந்தவர். ஆளைக் கடலுக்கு அனுப்பவெண்டுதான் தங்கச்சி கடிச்சனான். பிறகு பார்த்தால், பசிக்குது."

இப்போது யாராவது பழத்தை நசித்தால், தட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கப் பொறுமை உண்டா என்று கேட்கிறேன். அதனால் வியாபாரம் கொஞ்சம் குறைந்திருப்பதாக முதலாளி சொல்கிறார்.